காலை எடுக்காமல் எலும்புக் கட்டியை எடுப்பது: சுங்கை சிப்புட்டில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் எலும்பு வார்டில் 26 வருடம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருந்துவிட்டு, ஓய்வு பெற்று, பிறந்த ஊரான மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கே வந்துவிட்டேன். ஓய்வு என்பது பேருக்குத்தான். மார்க்கெட்டில் மீன் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது போனை நீட்டி, "மிஸ்ஸி, இந்த எக்ஸ்ரேயைக் கொஞ்சம் பாருங்களேன்" என்பார்கள். பெரும்பாலும் தேய்ந்துபோன முட்டி, விழுந்து முறிந்த மணிக்கட்டு. எப்போதோ ஒரு தடவைதான் பார்த்ததும் வயிற்றைப் பிசைகிற படம் வரும். எலும்பில் தோன்றும் புற்றுநோய் அபூர்வம். அதனாலேயே நம்மைப் போன்ற தோட்டத்து ஊரில் ஒரு வீட்டுக்கு அது வந்தால், கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் இருக்காது. அப்படி வந்தவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் பிள்ளையின் காலைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் அவனை நேரில் பார்க்கும் டாக்டர்தான்.

பையனுக்குப் பந்து விளையாடும்போது முட்டியில் அடிபட்டது. ஒரு மாதமாகியும் வீக்கம் வற்றவில்லை. சுளுக்குத்தானே?

இருக்கலாம். பத்துக்கு ஒன்பதுக்கும் மேலே அப்படித்தான். ஆனால் ஒரு மாதம் என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அடிபட்டதால் கட்டி வருவதில்லை. அடிபட்ட பிறகுதான் அந்தக் காலை எல்லோரும் உற்றுப் பார்க்கிறோம், ஏற்கெனவே உள்ளே இருந்தது அப்போது கண்ணில் படுகிறது. சுளுக்கு என்றால் வலி நாளுக்கு நாள் இறங்க வேண்டும். கட்டி என்றால் ஏறும். பகலில் விளையாட்டு மும்முரத்தில் தெரியாமல் இருந்து, ராத்திரி படுத்ததும் குடைய ஆரம்பிக்கும், தூக்கத்திலிருந்து எழுப்பும். பனடோல் போட்டால் கொஞ்ச நேரம் அடங்கும், மறுபடி வரும். வளர்கிற பிள்ளைகளுக்கு வரும் சாதாரணக் கால்வலி வேறு மாதிரி: பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும், சாயங்காலம் வரும், காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுவான், வீக்கம் இருக்காது.

எலும்புப் புற்றுநோய்களில் பிள்ளைகளுக்கு அதிகம் வருவது ஆஸ்டியோசர்கோமா. பெரும்பாலும் 10 வயதிலிருந்து 20 வயதுக்குள், எலும்பு வேகமாக வளரும் இடத்தில் வரும். ஏறக்குறைய பாதி முட்டியைச் சுற்றித்தான்: தொடை எலும்பின் கீழ் முனை, இல்லாவிட்டால் கணைக்கால் எலும்பின் மேல் முனை. அடுத்த இடம் தோள்பட்டைக்குக் கீழே. ஆகவே இந்த வயதில், ஒரே காலில், முட்டிக்குச் சற்று மேலேயோ கீழேயோ இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வலியும் வீக்கமும் இருந்தால் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). "வெறும் இடிதான்" என்று மாத்திரையோடு அனுப்பினால், எக்ஸ்ரே வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

எக்ஸ்ரே எடுக்கிற வரைக்கும் சுளுக்கு வழிக்கலாமா?

கூடாது. தைலம் போட்டு நீவவும் கூடாது, கட்டுப்போடவும் கூடாது, ஊருட் என்ற மலாய்க்காரர் பிடித்துவிடுதலும் கூடாது, சின்சே என்ற சீன நாட்டு வைத்தியரும் கூடாது. தோட்டத்தில் வளர்ந்த எனக்கு வழிக்கிற பாட்டிகள்மேல் மரியாதை உண்டு. என் கழுத்தையே எத்தனையோ தடவை சரி பண்ணியிருக்கிறார்கள். ஆனால் கட்டியை அழுத்தி உருவினால் அதன் உயிரணுக்கள் ரத்தத்தில் கலக்க வழி ஏற்படும். தைவான் டாக்டர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நோய் தெரிவதற்கு முன்னால் இப்படிப் பிடித்துவிடப்பட்ட ஆஸ்டியோசர்கோமா நோயாளிகளுக்கு நுரையீரலில் பரவியதும் அதிகம், பிழைத்தவர்களும் குறைவு.

நாங்கள் செய்த பாவமா? தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்தா?

பாவம் இல்லை. இந்தக் கேள்வியை அம்மாமார்தான் கேட்கிறார்கள், அதுவும் மெல்லிய குரலில். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு களைக்கொல்லி அடித்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! பாராகுவாட் விஷம்தான், 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடையும் செய்துவிட்டார்கள். அதற்காக உங்கள் பிள்ளையின் கால் கட்டியை அதன் தலையில் கட்ட முடியாது. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. சிலருக்குப் பரம்பரை மரபணுக் குறை இருக்கும், குழந்தையில் கண்ணில் கட்டி வந்த பிள்ளைகள் அதில் ஒரு சாரார். வேறு நோய்க்காகக் கதிர்வீச்சு வாங்கிய எலும்பிலும் வரலாம். சாப்பாடு, கண்ணேறு, ஜாதகம் எதுவும் இதில் சேராது. ஒட்டுவதும் இல்லை, ஒரே தட்டில் சாப்பிடலாம்.

எலும்புப் புற்றுநோய் எல்லாமே ஒன்றுதானா?

இல்லை. வைத்தியம் மாறுவதே அதனால்தான். ஆஸ்டியோசர்கோமாவுக்குக் கீமோவும் (ரத்தத்தில் ஏற்றும் புற்றுநோய் மருந்து) அறுவையும். யூவிங் சர்கோமாவும் பிள்ளைகளுக்கே வருவது, எலும்பின் நடுத்தண்டிலும் இடுப்பெலும்பிலும் அதிகம். அதற்குக் கதிர்வீச்சும் கேட்கும், ஆஸ்டியோசர்கோமாவுக்கு அவ்வளவாகக் கேட்காது. பெரியவர்களுக்கு வரும் காண்ட்ரோசர்கோமா என்ற குருத்தெலும்புப் புற்றுக்குக் கீமோ பெரும்பாலும் பயன்படாது, கத்திதான். மார்பகத்திலிருந்தோ நுரையீரலிலிருந்தோ எலும்புக்குப் பரவியது வேறு கதை, அது இந்தப் பக்கத்தில் இல்லை.

கட்டியில் ஊசியோ கத்தியோ பட்டால் பரவிவிடும் என்கிறார்களே? சதை எடுத்துப் பார்ப்பதற்குச் சம்மதிக்கலாமா?

கட்டாயம் சம்மதிக்க வேண்டும். பயாப்சி இல்லாமல் இது என்ன கட்டி என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, கீமோவும் தொடங்க மாட்டார்கள். ஆனால் உங்கள் பயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நான் இந்தப் பக்கத்தை எழுதுவதே முக்கியமாக இந்தப் பதிலுக்காகத்தான்.

ஊசி போன பாதையில் கட்டியின் உயிரணுக்கள் ஒட்டியிருக்கும். அதனால் பெரிய அறுவை நடக்கும்போது அந்தப் பாதையையும், மேலே இருக்கும் தழும்பையும் சேர்த்தே கட்டியோடு வெட்டி எடுப்பார்கள். எனவே ஊசி எந்த இடத்தில் போக வேண்டும் என்பதை, பிறகு அறுவை செய்யப்போகிற டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். கீறல் போட்டாலும் காலின் நீளவாக்கில் போட வேண்டும், குறுக்கே போடக்கூடாது. முக்கிய நரம்பு, ரத்தக்குழாய் பக்கமாகப் போகக்கூடாது. 1982இல் அமெரிக்காவில் 329 நோயாளிகளின் பயாப்சியைத் திரும்பிப் பார்த்தபோது, பயாப்சி சரியாகச் செய்யாத ஒரே காரணத்தால் நூற்றுக்கு 4.5 பேருக்குத் தேவையில்லாமல் காலோ கையோ போயிருந்தது. 1996இல் மறுபடி 597 பேரைப் பார்த்தார்கள். அப்போதும் 3 விழுக்காடு.

என் வார்டுக்கு வந்த ஒரு பெண் பிள்ளை நினைவிலிருந்து போகவே மாட்டாள். 16 வயது. முட்டிக்கு மேலே வீக்கம். எங்கோ ஒரு கிளினிக்கில் சீழ் கட்டி என்று நினைத்துக் குறுக்கே கீறியிருந்தார்கள். சீழ் வரவில்லை, ரத்தம்தான் வந்திருக்கிறது. ஏழெட்டுத் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வரும்போது தொடையைச் சுற்றிப் பாதி வளையம்போல அந்தத் தழும்பு. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் காலைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆகவே எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டுத்தான் பயாப்சி. எந்த ஆஸ்பத்திரியில் அறுவையோ அந்த ஆஸ்பத்திரியில் பயாப்சி. "இங்கேயே சின்னதாகக் கீறிப் பார்த்துவிடலாம்" என்று யார் சொன்னாலும், "ரெஃபர் லெட்டர் கொடுங்கள் டாக்டர், அங்கேயே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள்.

இங்கிருந்து எங்கே போக வேண்டும்?

கிளினிக் அல்லது சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவு. ஈப்போ நமக்கு அரைமணி நேரம்தான். எலும்புக் கட்டிக்கென்றே தனித் தேர்ச்சி பெற்ற அறுவை டாக்டர்கள் நாட்டில் சில இடங்களில்தான் இருக்கிறார்கள்: கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, கிளந்தான் குபாங் கெரியானில் அறிவியல் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி போன்றவை. ஈப்போவிலிருந்து அப்படி ஓரிடத்துக்கு அனுப்புவார்கள். கடிதம் கையில் இருந்தும் அழைப்பு வரவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள், போன் போடுங்கள். இந்த நோயில் ஒரு வாரம் என்பது ஒரு வாரம்தான், ஒரு மாதம் என்பது நிறைய.

அங்கே எம்.ஆர்.ஐ.யில் முழு எலும்பையும் பார்ப்பார்கள், கட்டி எங்கே முடிகிறது என்று அளக்க. நெஞ்சுக்குச் சி.டி. ஸ்கேன், ஏனென்றால் இது முதலில் போகிற இடம் நுரையீரல். மற்ற எலும்புகளுக்கு ஒரு ஸ்கேன்.

கட்டியை உடனே வெட்டி எடுக்காமல் ஏன் கீமோ கொடுத்து நாளைக் கடத்துகிறார்கள்?

இதை எல்லா அப்பாமாரும் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி.

1970களுக்கு முன்னால் கண்டுபிடித்த உடனே காலை எடுத்தார்கள். எடுத்தும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் சில வருடத்தில் இறந்துபோனார்கள். கால் போன பிறகு நுரையீரலில் வந்தது. அதாவது, காலை எடுக்கும் அன்றைக்கே ஸ்கேனில் தெரியாத துகள்கள் உடம்பில் போய்ச் சேர்ந்திருந்தன. கத்திக்கு அவை எட்டாது, மருந்துக்குத்தான் எட்டும். மெத்தோட்ரெக்சேட், அட்ரியாமைசின், சிஸ்பிளாட்டின் என்ற மருந்துகள் வந்த பிறகுதான் கணக்கு மாறியது. இன்றைக்கு, கண்டுபிடிக்கும்போது வேறெங்கும் பரவாத பிள்ளைகளில் நூற்றுக்கு 60 முதல் 70 பேர் பிழைத்து வருகிறார்கள்.

கீமோ அறுவைக்கு முன்னால் வந்ததற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் உலோக எலும்பை ஒவ்வோர் ஆளுக்கும் அளவெடுத்துச் செய்ய மாதக்கணக்காகும். நியூயார்க்கில் ஜெரால்ட் ரோசன் என்ற டாக்டர், எலும்பு தயாராகும் வரை பிள்ளையைச் சும்மா வைத்திருப்பானேன் என்று கீமோவைத் தொடங்கிவிட்டார். பார்த்தால் அது நல்லதாகப் போயிற்று. கட்டியைச் சுற்றியிருந்த வீக்கம் வற்றி எல்லை தெளிவானது. வெட்டி எடுத்த கட்டியைச் சோதித்து மருந்து எவ்வளவு கொன்றிருக்கிறது என்றும் பார்க்க முடிந்தது. 90 விழுக்காட்டுக்கு மேல் செத்திருந்தால் நல்ல அறிகுறி. இன்றும் ஆஸ்டியோசர்கோமாவுக்கு அதே வரிசைதான்: சுமார் பத்து வாரம் கீமோ, பிறகு அறுவை, பிறகு இன்னும் நாலைந்து மாதம் கீமோ. ரத்த அணுக்கள் இறங்கித் தள்ளிப்போகும் நாட்களையும் சேர்த்தால் எட்டு ஒன்பது மாதம் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கீமோ வார்டு எப்படி இருக்கும் என்றும் கேட்பீர்கள். அட்ரியாமைசின் நல்ல சிவப்பு, நம் கல்யாண வீட்டு ரோஸ் சிரப் தண்ணீரேதான். சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அந்தப் பிள்ளைகள் அப்புறம் வாழ்நாளில் சிரப் பக்கம் போவதில்லை. மெத்தோட்ரெக்சேட் மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி. அது ஏறிய பிறகு சிறுநீரகத்தைக் காப்பாற்ற, நிறைய டிரிப் ஓடும், ஒவ்வொரு தடவை போகும் சிறுநீரையும் அளக்க வேண்டும், பட்டைக் காகிதத்தை நனைத்து அமிலம் இருக்கிறதா என்று நிறம் பார்க்க வேண்டும். ஓர் அம்மா, முன்பு பால்மரம் (ரப்பர்) வெட்டியவர், எழுதப் படிக்கச் சிரமம். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, மணியும் மில்லிலிட்டரும் குறித்து வைத்திருந்தார். எங்கள் சார்ட்டில் ஒரு வரி விட்டுப்போனபோது அந்தத் தாளைப் பார்த்துத்தான் நிரப்பினோம். "இருவது வருசம் பால் நிறுத்துப் போட்டவ மிஸ்ஸி, அளவு தப்பாது" என்றார்.

ஒரு வேண்டுகோள். கீமோ ஓடும் நாட்களில் டுரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலைக் கஷாயம், வேப்பிலைச் சாறு, வாட்ஸ்அப்பில் வந்த பொடி எதையும் டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட் நேரத்தில் கடையில் வாங்கிய வலி மாத்திரைகூட அந்த மருந்து வெளியேறுவதைத் தடுத்துவிடும்.

காலை எடுத்துவிட்டால் உயிருக்கு உத்தரவாதம், வைத்துக்கொண்டால் ஆபத்து என்று மாமா சொல்கிறார்.

1986இல் வெளிவந்த ஓர் ஆய்வின் பதிலை மாமாவிடம் சொல்லுங்கள். தொடை எலும்பின் கீழ் முனையில் ஆஸ்டியோசர்கோமா வந்த 227 பேரை வைத்துப் பார்த்தார்கள். காலை எடுத்தவர்களும் காலைக் காப்பாற்றியவர்களும் பிழைத்ததில் வித்தியாசம் இல்லை. அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு, காலை வைத்துக்கொண்டவர்களுக்குச் சற்றுக் கூடுதல், அது உண்மை. அதனால்தான் கட்டியைச் சுற்றி நல்ல சதையும் ஓர் உறைபோல ஒட்டிவர வெட்டி எடுப்பார்கள். கட்டியைக் கண்ணாலேயே பார்க்கக்கூடாது என்பது அறுவைக்காரர்கள் சொல்வது.

1977இல் கனடாவில் டெரி ஃபாக்ஸ் என்ற 18 வயதுப் பையனுக்கு இதே ஆஸ்டியோசர்கோமா. வலது காலை முட்டிக்கு மேலே எடுத்தார்கள். 1980இல் செயற்கைக் காலோடு 143 நாள் ஓடினார், 5,373 கிலோமீட்டர். நுரையீரலில் வந்து ஓட்டம் நின்றது, 1981இல் இறந்தார். காலை எடுப்பது மட்டுமே உயிரைக் காப்பதில்லை.

ஆனாலும் எடுத்துத்தான் ஆக வேண்டிய கால்கள் உண்டு. கட்டி பெரிய நரம்பையும் ரத்தக்குழாயையும் சுற்றி வளைத்திருந்தால், அவற்றை எடுத்தபின் மிஞ்சுவது மரக்கட்டை மாதிரி ஒரு கால்தான். கட்டி தோலைக் கிழித்துச் சீழ் வைத்திருந்தாலும், கீமோவிலும் வளர்ந்துகொண்டே போனாலும் அதே முடிவு வரலாம். டாக்டர் அப்படிச் சொன்னால், "இன்னொரு டாக்டரிடம் கேட்கலாமா" என்று கேளுங்கள். கேட்டு, அவரும் அதையே சொன்னால் தாமதிக்காதீர்கள். காலை எடுக்கப் பயந்து கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குக் கூட்டிப் போனவர்களை மூன்று நாலு மாதம் கழித்து மறுபடி பார்த்திருக்கிறேன். அப்போது பேசுவதற்கு அதிகம் இருந்ததில்லை.

எலும்பை எடுத்த இடத்தில் என்ன வைப்பார்கள்?

ஒரு சாண் எலும்பு போகும், சில சமயம் அதற்கும் மேல், முட்டி மூட்டோடு சேர்ந்து. அந்த இடைவெளியை நிரப்ப நாலைந்து வழிகள் உண்டு.

முட்டியைச் சுற்றி என்றால் பெரும்பாலும் உலோக எலும்புதான். கையில் வாங்கிப் பார்த்தால் மோட்டார் சைக்கிள் சாமான் மாதிரி கனமாக இருக்கும். நடுவே கதவுக் கீல்போல மடங்கும் முட்டி, இரண்டு பக்கமும் ஆணிபோல நீண்ட தண்டு. அந்தத் தண்டை எலும்பின் உட்குழியில் இறக்கி, சிமென்ட் வைத்தோ வைக்காமலோ பிடிக்கச் செய்வார்கள். இப்போது துண்டு துண்டாக வரும், ஆபரேஷன் மேசையிலேயே அளவுக்குச் சேர்த்துக்கொள்ளலாம், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. இதன் பெரிய லாபம், சில நாட்களிலேயே காலை ஊன்றலாம். கீமோ திரும்பத் தொடங்க வேண்டிய பிள்ளைக்கு அது பெரிய விஷயம். நஷ்டம், இரும்பு தேயும், தளரும், கிருமி ஏறினால் விடாது.

இரண்டாவது, இறந்தவர் தானம் செய்த எலும்பு. குபாங் கெரியானிலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் எலும்பு வங்கி உண்டு. சோதித்துச் சுத்தம் செய்து கடுங்குளிரில் வைத்திருப்பார்கள். "யாருடைய எலும்போ, என்ன இனமோ" என்று ஒரு தாத்தா முணுமுணுத்தார். பேரன் சிரித்துக்கொண்டே, "தாத்தா, ரத்தம் ஏத்துனாங்களே, அது மட்டும் நம்ம தோட்டத்து ரத்தமா?" என்றான். இந்த எலும்பு நம் எலும்போடு ஒட்ட வெகுநாளாகும், நடுவில் முறியவும் செய்யும்.

மூன்றாவதுதான் கேட்பவர்களை வியக்க வைப்பது: பிள்ளையின் சொந்த எலும்பையே திரும்ப வைப்பது. கட்டியோடு எலும்பை வெளியே எடுத்து, ஒட்டியிருக்கும் கட்டிச் சதையைச் சுரண்டி, திரவ நைட்ரஜனில் முக்குவார்கள். மைனஸ் 196 டிகிரி, இருபது நிமிடம். கட்டியின் உயிரணு ஒன்றும் அதில் தப்பாது. பிறகு உறைவு நீக்கி அதே இடத்தில் தகடும் திருகும் வைத்துப் பொருத்துவார்கள். ஜப்பானில் கனசாவா பல்கலைக்கழகத்துக்காரர்கள் வளர்த்தெடுத்த முறை. இன்னொரு வகையில் எலும்பைப் பெட்டியில் வைத்துக் கதிர்வீச்சு அறைக்கு அனுப்பி, ஒரே தடவையில் பெரிய அளவு கொடுத்துத் திரும்பக் கொண்டுவருவார்கள். அளவு கச்சிதம், தன் எலும்பு, செலவும் குறைவு. ஆனால் அது உயிரற்ற எலும்பு, உயிர் ஊற வருடங்கள் ஆகும், அதுவரை முறியும் பயம் உண்டு. கட்டி ஏற்கெனவே அரித்து உளுத்துப்போன எலும்புக்கு இது ஆகாது.

நாலாவது, கணைக்காலில் இருக்கும் மெல்லிய எலும்பை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, நுண்ணோக்கி வைத்துத் தைத்து, இடைவெளியில் பொருத்துவது. உயிருள்ள எலும்பு ஆனதால், பாரம் ஏற ஏறப் பருத்துக்கொண்டே வரும். சில சமயம் இதைத் தான எலும்புக்குள் நுழைத்து இரண்டின் பலனையும் எடுப்பார்கள்.

எது நல்லது என்று என்னைக் கேட்டால்: மூட்டும் சேர்ந்து போனால் உலோகம், மூட்டைக் காப்பாற்ற முடிந்து நடுத்தண்டு மட்டும் போனால் சொந்த எலும்போ மெல்லிய எலும்போ. இது என் கண் பார்த்ததை வைத்து. கணைக்கால் மேல்முனை என்றால் இன்னொரு வேலையும் உண்டு. அங்கே எலும்பை மூடத் தோல் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. கெண்டைச் சதையில் ஒரு பாகத்தை முன்னால் திருப்பிக் கொண்டுவந்து உலோகத்தைப் போர்த்துவார்கள்.

இன்னும் வளரும் பிள்ளை ஆயிற்றே? ஒரு கால் குட்டையாகிவிடாதா?

ஆகும். தொடை எலும்பின் கீழ்முனையில் எலும்பு நீளும் இடமான வளர்தட்டு மட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், அது போய்விட்டால் அந்த வளர்ச்சியும் போச்சு. 14 வயதுப் பெண்ணுக்கும் 16 வயதுப் பையனுக்கும் பெரிய கவலை இல்லை, வளர்ச்சி முடியும் நேரம். முதலிலேயே ஒரு சென்டிமீட்டர் நீட்டி வைத்து, மிச்சத்தைச் செருப்பில் சரிக்கட்டிவிடலாம். 9 வயது, 10 வயது என்றால் நீளக்கூடிய உலோக எலும்பு உண்டு. சிலவற்றைச் சின்னத் துளை போட்டுத் திருகி நீட்டுவார்கள். சிலவற்றில் உள்ளே காந்தமும் பல்சக்கரமும் இருக்கும், காலைச் சுற்றி ஒரு காந்த வளையத்தை வைத்தால் கத்தியே படாமல் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நீளும். விலை மட்டும் கேட்காதீர்கள்.

காலைத் திருப்பி வைக்கிறார்களாமே, நிஜமா?

நிஜம். முட்டியும் தொடையின் கீழ்ப்பாகமும் போனபின், கணைக்காலைப் பாதத்தோடு பாதி வட்டம் திருப்பி, குதிகால் முன்னே வரும்படி தொடையில் இணைப்பார்கள். கணுக்கால் முட்டியின் வேலையைச் செய்யும், அதில் செயற்கைக் காலை மாட்டலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இது அருமையான அறுவை. ஓடலாம், பந்து விளையாடலாம், தேயவும் உடையவும் இரும்பு கிடையாது. ஆனால் நம் குடும்பங்கள் படத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்றுவிடும். என் 26 வருடத்தில் ஒரே ஒரு பையனைத்தான் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து, பின்பக்கம் பார்த்த பாதத்துக்கு நீலச் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். கட்டைவிரலை ஆட்டிக் காட்டி, "மிஸ்ஸி, இதுதான் இப்ப என் முட்டி" என்றான். அவன் அம்மா பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் அப்புறம் தம்பியைத் துரத்திக்கொண்டு ஓடியதையும் அதே அம்மாதான் எனக்கு வீடியோ அனுப்பினார்.

எப்போது நடப்பான்? சம்மணம் போட முடியுமா?

உலோக எலும்பு என்றால் ஒன்றிரண்டு நாளில் எழுப்பி நிறுத்துவார்கள், வாக்கரோடு. கணைக்கால் மேல்முனை என்றால் முட்டியை நேராகவே சில வாரம் கட்டி வைப்பார்கள், முட்டிச்சில்லின் தசைநார் ஒட்ட வேண்டும். பிசியோ வலிக்கும். அழுகிறான் என்று நிறுத்தாதீர்கள், முட்டி அப்படியே விறைத்துவிடும்.

சம்மணம், குத்தவைத்தல், மண்டியிடல், காற்பந்து இவற்றை மறந்துவிடுங்கள். லயத்து வீட்டிலும் பழைய தாமான் (குடியிருப்பு) வீட்டிலும் இருக்கும் குந்து கழிவறைக்கு மேல் வைக்கும் நாற்காலி மருந்துச் சாமான் கடையில் கிடைக்கும். ஆபரேஷனுக்கு முன்னாலேயே வாங்கி வையுங்கள். நீச்சல், சைக்கிள் நல்லது.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் நேர்த்திக்கடன் இருக்கிறது. காவடி எடுக்கலாமா?

அலகு குத்தவே கூடாது. தோலைத் துளைத்தால் கிருமி ரத்தத்தில் ஏறி, உலோகத்தில் போய் உட்காரும் ஆபத்து உண்டு. கீமோ முடிந்து ரத்த அணுக்கள் சரியான பிறகு, டாக்டரைக் கேட்டுவிட்டுப் பால்குடம் எடுக்கலாம். தார் ரோட்டில் வெறுங்காலில் காயம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முருகன் கணக்குப் பார்க்க மாட்டான், கிருமி பார்க்கும்.

செலவு?

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குக்கு ஐந்து வெள்ளி, அறுவைக்கும் வார்டுக்கும் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு. இடிப்பது உலோக எலும்புதான், பல்லாயிரம் வெள்ளி. அதைக் கேட்டதும் தாலியை அடகு வைக்கக் கிளம்பாதீர்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே மருத்துவச் சமூகப் பணி அலுவலகம் உண்டு. அங்கே போய், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு மனுப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். சம்பளச் சீட்டு, ஐ.சி. (அடையாள அட்டை) நகல், பிள்ளையின் பிறப்புப் பத்திரம், கரண்ட் பில் கேட்பார்கள். மக்னா என்ற தேசியப் புற்றுநோய் மன்றமும் வசதி குறைந்த நோயாளிகளுக்கு உதவித்தொகை தருகிறது. நோயாளி வேலை செய்பவராக இருந்தால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தையும் கேளுங்கள். மனுவைக் கீமோ தொடங்கிய வாரமே போடுங்கள். அறுவைக்குப் பத்து வாரம் இருக்கிறது என்று விட்டுவிட்டு, ஒன்பதாவது வாரம் ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

படிப்பு? எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வு) வருடம்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் கல்வி அமைச்சின் பள்ளி நடக்கிறது, கட்டிலுக்கே ஆசிரியர் வருவார். தேர்வை ஒரு வருடம் தள்ளிப் போட்டாலும் குடி முழுகிவிடாது.

பின்னாளில் குழந்தை பிறக்குமா?

இதை யாரும் முதலில் கேட்பதில்லை, கேட்கும்போது கீமோ பாதி முடிந்திருக்கும். கீமோ விந்தணுவையும் கருமுட்டையையும் பாதிக்கலாம். பருவம் வந்த பையனாக இருந்தால் கீமோவுக்கு முன்னாலேயே விந்தைச் சேமித்து வைக்க வழி உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்பா கேட்கக் கூச்சப்பட்டால் அம்மா கேளுங்கள், இருவரும் கூச்சப்பட்டால் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள், நாங்கள் கேட்டுச் சொல்வோம். பிழைத்தவர்கள் பலர் பிள்ளை பெற்றிருக்கிறார்கள்.

நுரையீரலில் புள்ளி இருக்கிறதாம். இனி அவ்வளவுதானா?

இல்லை. கஷ்டம், ஆனால் முடிந்துவிடவில்லை. தொடக்கத்திலேயே பரவியிருந்தால் பிழைப்பவர்கள் நூற்றுக்கு 20, 30 பேர். புள்ளிகள் சிலவே இருந்து, எல்லாவற்றையும் நெஞ்சைத் திறந்து எடுத்துவிட முடிந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. "எல்லாப் புள்ளியையும் எடுக்க முடியுமா டாக்டர்?" என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

உலோக எலும்பு எத்தனை வருடம் தாங்கும்?

பத்து வருடம் ஒன்றும் ஆகாமல் ஓடுபவர்களும் உண்டு, மூன்றாம் வருடமே தளர்ந்தவர்களும் உண்டு. 15 வயதில் வைத்தால் வாழ்நாளில் இன்னொரு ஆபரேஷனாவது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றில் சுமார் பத்துப் பேருக்குக் கிருமி ஏறும். காய்ச்சலோடு கால் சிவந்து சுட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் காலை வரை பார்க்காதீர்கள். முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நெஞ்சும் காலும் பார்ப்பார்கள், பிறகு இடைவெளி கூடும். நன்றாகத்தான் இருக்கிறானே என்று விட்டுவிடாதீர்கள், நுரையீரல் புள்ளி வலிக்காது.

நாளை முதல் தடவை கோலாலம்பூர் போகிறோம். என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்கள் பதிந்த சி.டி. தட்டுகள், ரெஃபர் லெட்டர், ஐ.சி. எல்லாம் ஒரே பையில், இரண்டு நகலோடு. வார்டில் குளிரும், ஒரு கம்பளி. அம்மாவுக்கு மாற்றுடை, சாய்வு நாற்காலியில்தான் தூக்கம். கேட்க வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள், டாக்டர் முன்னால் எல்லாம் மறந்துபோகும். மலாயோ ஆங்கிலமோ சரியாக வராவிட்டால் மூத்த பிள்ளை ஒருவரைக் கூட்டிப் போங்கள், நோயாளிப் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். காலை எட்டு மணிக்கு வரச் சொன்னால் ஏழுக்கே நம்பர் எடுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அங்கே கேண்டீன் வரிசை நீளம்.